கடல் உள்வாங்கட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போங்க! அந்தமானில் அக்கா பிள்ளைகளோடு 6 நாள்

“சித்தி, கடல் எங்கே போச்சு?”

காலை மணி ஆறரை. அந்தமானின் நீல் தீவில், லட்சுமண்பூர் கடற்கரையில் நின்றுகொண்டு அக்கா மகள் கேட்டாள். வயது ஐந்து. முந்தின நாள் மதியம் எட்டிப் பார்த்தபோது அலை வந்து மோதிய இடம் முழுக்க இப்போது பாறை. ஈரமாக, பழுப்பாக, கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும். கடல் எங்கேயோ ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற அம்மா, அதாவது அவளுடைய ஆச்சி, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “ஏட்டி, கடல் உள்வாங்கியிருக்கு. பிள்ளைகளைக் கூட்டிட்டு மேல ஏறு முதல்ல.”

எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, ‘கடல் உள்வாங்கியது’ என்ற இரண்டு வார்த்தை எங்கள் ஊர் அம்மாக்களுக்கு வேறு அர்த்தத்தில்தான் கேட்கும். அதிலும் அந்தமான், அந்த சுனாமி மோசமாக அடித்த இடங்களில் ஒன்று. அம்மாவின் பயத்தில் தப்பே இல்லை. ஆனால், நாங்கள் அன்றைக்கு அதிகாலையில் எழுந்து அங்கே போனதே, கடல் அப்படி விலகி நிற்கும் என்று தெரிந்துதான். அந்த ஆறு நாள் டூரில் பிள்ளைகள் இன்றைக்கும் பேசிக்கொண்டிருப்பது அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி மட்டும்தான். அதற்கு நாங்கள் கொடுத்தது, வழி காட்டிய அண்ணனுக்கான கொஞ்சம் பணம். மற்ற நாட்களுக்குக் கொடுத்ததைச் சொன்னால் அத்தானுக்குக் கோபம் வரும்.

இந்தப் பகுதியில் மலை மலையாக எழுதிக்கொண்டிருந்ததில் சில வாசகிகளுக்கு வருத்தம். ‘சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு தீவுக்குப் போக முடியுமா, அங்கே பெரியவர்களுக்கான விளையாட்டுதானே எல்லாம்?’ என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால், நாங்கள் போட்ட திட்டத்தைப் போடாதீர்கள்.

தாளில் 14 இடம்

அக்கா, அத்தான், ஒன்பது வயதுப் பையன், ஐந்து வயதுப் பெண், முட்டி வலியோடு அம்மா, அப்புறம் நான். ஏப்ரலில் பரீட்சை முடிந்த கையோடு கிளம்பினோம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கப்பலும் உண்டு. அது ஏறக்குறைய மூன்று நாள். ‘கப்பல்ல போலாம்’ என்று பையன் அடம்பிடித்ததை யாரும் காதில் வாங்கவில்லை.

டிராவல்ஸ்காரர் கொடுத்த தாளில் 6 நாளைக்கு 14 இடங்கள் இருந்தன. பார்க்கப் பெருமையாக இருந்தது. அந்தத் தாளில் இல்லாதது ஒன்று: அங்கே மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும்! அந்தமான் நமக்கு ரொம்பக் கிழக்கே இருக்கிறது, ஆனால் கடிகாரம் நம்முடையதுதான். ஏப்ரலில் காலை ஐந்தேகாலுக்கு வெயில் எட்டிப் பார்க்கிறது, ஐந்தரைக்குச் சூரியன் மறைந்துவிடுகிறது. நம் ஊரில் விளையாடுவது போல ‘நாலு மணிக்கு வெயில் தாழ பீச்சுக்குப் போவோம்’ என்று திட்டம் போட்டால், பிள்ளைகள் மணலில் உட்காரும்போதே கிளம்பும் நேரம் வந்துவிடும். நாளை ஐந்து மணிக்குத் தொடங்கி, மதியம் நன்றாகத் தூங்கவைத்து, இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். இதைப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு மூன்று நாள் ஆனது.

முதல் நாள் போர்ட் பிளேர். 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஆட்டோக்காரர் உட்பட எல்லோரும் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறார்கள். ஆட்டோக்காரர் தமிழ்தான். தமிழ் பேசுகிறவர்கள் அங்கே நிறைய. இட்லிக்குக் கவலையே இல்லை. வெற்றிமலை முருகன் கோயில் என்று ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் அம்மா முகத்தில் வந்த தெம்பைப் பார்க்க வேண்டுமே!

செல்லுலார் ஜெயிலைப் பகலில் பார்த்தது பையனுக்குப் பிடித்தது. 1906-ல் கட்டி முடித்த சிறை அது. நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு சிறகுகள். இப்போது மூன்றுதான் மிச்சம். ஒரு அறைக்குள் போய் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் அடி வைத்து அளந்து பார்த்துவிட்டு, “இதுக்குள்ள ஒருத்தர் மட்டுமா? பேசுறதுக்கு ஆளே இல்லையா?” என்று கேட்டான். தனித்தனி அறையாகக் கட்டியதே யாரும் யாரோடும் பேசிவிடக் கூடாது என்றுதான் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் இருந்தால் கண்டிப்பாகக் கூட்டிப்போங்கள். மாலையில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சி வேறு கதை. சிறை வளாகத்து அரசமரம் கதை சொல்வதாக வரும். பெரியவர்களுக்கு நெஞ்சு அடைக்கும். எங்கள் சின்னவள் பத்தே நிமிடத்தில் தூங்கிவிட்டாள். பயணக் களைப்பு. அத்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசிவரை நின்றே பார்த்தார்.

இரண்டாம் நாள்தான் பணம் கரைந்தது. நார்த் பே தீவுக்குப் படகில் போகும்போது நல்லா இருந்தது. பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டு யாரிடமாவது இருந்தால் மறக்காமல் எடுத்துப்போங்கள். அதன் பின்பக்கம் இருக்கும் தென்னை மரம், கடல், கலங்கரை விளக்கம் எல்லாம் அந்தப் பகுதிக் காட்சிதான். பையன் நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒத்துப் பார்த்தபடியே வந்தான். கரையில் இறங்கியதும் கவுன்டர் கவுன்டராக டிக்கெட். ஹெல்மெட் மாட்டிக் கடலுக்கு அடியில் நடப்பது, ஸ்கூபா, ஜெட் ஸ்கி. “தம்பிக்கு எத்தனை வயசு? ஒன்பதா? ஸ்கூபாவுக்குப் பத்து ஆகணுமே.” அவன் முகம் விழுந்துவிட்டது.

வயது வரம்பு சும்மா வைத்ததில்லை. ஆழத்தில் காதுக்குள் ஏறும் அழுத்தத்தைச் சமன் செய்யவும், பயம் வந்தால் மேலே பாய்ந்துவிடாமல் இருக்கவும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். ‘பரவாயில்லை, பத்துன்னு சொல்லிடுங்க’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். நீங்கள் பெரியவர்கள் ஸ்கூபா செய்வதாக இருந்தாலும் விமானம் ஏறும் நாளில் வேண்டாம். முழுதாக ஒரு நாளாவது இடைவெளி விடுவது நல்லது.

சரி, எல்லோரும் சேர்ந்து அடியில் கண்ணாடி வைத்த படகில் போகலாம் என்று டிக்கெட் எடுத்தோம். சின்னவள் படகில் காலே வைக்க மாட்டேன் என்றாள். மெரினாவில் ஒருமுறை அலை இழுத்து உருட்டிவிட்டதில் இருந்து அவளுக்குத் தண்ணீர் என்றாலே பயம். அக்கா அதட்ட, அவள் அலற, அத்தான் “காசு கட்டியாச்சு” என்று முனக, கடைசியில் அவளும் நானும் கரையில் உட்கார்ந்துகொண்டோம்.

அந்த நாளைக் காப்பாற்றியது மான்கள். மதியம் ராஸ் தீவுக்குப் போனோம். வெள்ளைக்காரர்கள் அந்தமானை ஆண்டபோது தலைமையிடமாக இருந்த சின்னத் தீவு அது. சர்ச், பேக்கரி, நடன அரங்கம் என்று எல்லாம் கட்டி வாழ்ந்தவர்கள் 1940-களில் விட்டுப்போனார்கள். இப்போது அந்தச் சுவர்களை ஆலமர வேர்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. புள்ளிமான்கள் ஆளுக்குப் பயப்படாமல் பக்கத்தில் வருகின்றன. மயில், முயல் வேறு. சின்னவள் அழுததையே மறந்து ஒரு மான் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தாள். முட்டி வலிக்காரர்களுக்கு பேட்டரி கார் உண்டு.

“அவங்களைப் பார்க்க டிக்கெட்டா?”

மூன்றாம் நாள் பாராடாங் தீவு. சுண்ணாம்புக் குகை, சதுப்புநிலக் காட்டுக்குள் படகுப் பயணம், சேற்று எரிமலை எல்லாம் இருக்கும் இடம். நல்ல இடம்தான், சந்தேகமில்லை. ஆனால், அதிகாலை மூன்று மணிக்கு வண்டி வரும் என்றார் ஏற்பாட்டாளர். போகும் வழி ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு. வண்டிகள் தனித்தனியாகப் போக முடியாது, போலீஸ் பாதுகாப்போடு கூட்டமாக, நேரம் வைத்துத்தான் அனுப்புவார்கள். முதல் கூட்டத்தில் போனால்தான் இருட்டுவதற்குள் திரும்பலாம்.

“லக் இருந்தா ரோட்டோரமா ஜாரவா நிப்பாங்க சார். பசங்க பார்க்கலாம்” என்று போனில் சேர்த்துச் சொன்னார், குகையை விட அதுதான் பெரிய விஷயம் போல. போன் ஸ்பீக்கரில் இருந்தது. பையன் கேட்டுவிட்டான்.

“அவங்களைப் பார்க்க டிக்கெட்டா சித்தி?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஜாரவாக்கள் மொத்தமே சில நூறு பேர். 1990-களின் கடைசி வரை வெளியாட்களோடு பழகாமல் இருந்தவர்கள். பழகத் தொடங்கிய கொஞ்ச காலத்தில் அம்மை நோய் பரவி அவதிப்பட்டார்கள். காட்டுக்குள் போகும் அந்தச் சாலையை மூடச் சொல்லி 2002-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2012-ல், சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவா பெண்களை ஆடச் சொல்லும் வீடியோ வெளியாகிப் பெரிய பிரச்னை ஆனது. மறு வருடம் சில வாரங்கள் சுற்றுலாப் பயணிகளை அந்த வழியில் விடவே இல்லை. பிறகு மீண்டும் திறந்தார்கள். வண்டியை நிறுத்துவதும் படம் எடுப்பதும் பண்டம் கொடுப்பதும் குற்றம், சிறைக்கே போக வேண்டி வரும்.

வடக்கு அந்தமானிலும் நடு அந்தமானிலும் வாழ்கிறவர்களுக்கு அந்தச் சாலை ஆஸ்பத்திரிக்கும் பிழைப்புக்குமான சாலை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால், நாங்கள் போவது லீவுக்கு. ஜன்னல் வழியே மனிதர்களைத் தேடும்படி பிள்ளைகளைப் பழக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. அக்காவும் நானும் ஒரு பக்கம். “கொடுத்த காசு திரும்ப வராது, நாம குகையைத்தானே பார்க்கப் போறோம்” என்று அத்தான் ஒரு பக்கம். அவர் சொன்னதும் நியாயம்தான். குரல்கள் உயர்ந்தன. அம்மாதான் முடித்துவைத்தார். “ஒம்பது வயசுப் பையனுக்கே தெரியுது. மூணு மணிக்கு என்னால எந்திரிக்க முடியாது. பேசாமப் படுங்க.”

பணம் திரும்ப வரவில்லை. மறுநாள் ஏழு மணி வரை தூங்கினோம். முருகன் கோயில், சுடச்சுட தோசை. அப்புறம் ஊருக்குள்ளேயே இருக்கும் மானுடவியல் அருங்காட்சியகம். ஜாரவா, ஓங்கே, சென்டினல், நிக்கோபார் மக்கள் பயன்படுத்தும் படகு, அம்பு, கூடை, வீட்டு மாதிரிகள் எல்லாம் இருக்கின்றன. பையன் ஒவ்வொரு அம்பின் முனையும் ஏன் வேறு வேறாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றான். ஆடம்பரம் இல்லாத பழைய கட்டடம், ஆனால் அவன் கேள்விக்கு அங்கேதான் ஓரளவு பதில் இருந்தது. பக்கத்தில் கடற்படையின் ‘சமுத்ரிகா’ அருங்காட்சியகம். வாசலிலேயே நீலத்திமிங்கலக் குட்டி ஒன்றின் எலும்புக்கூடு. குட்டியே இவ்வளவு பெரிசா என்று சின்னவள் அதன் விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணினாள். இருபதோடு எண்ணிக்கை அவளுக்குத் தீர்ந்துவிட்டது.

அந்த நாள் எதுவும் தாளில் இல்லை. யாரும் அழவில்லை.

சீடை உருட்டும் நண்டு

நான்காம் நாள் ஹேவ்லாக், புதுப் பெயர் ஸ்வராஜ் தீவு. தனியார் கப்பலில் போனோம். முன்பக்க சீட் கேட்டு வாங்கியது என் புத்திசாலித்தனம். கப்பல் ஆடும்போது முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும் என்பது பையன் வாந்தி எடுத்த பிறகு தெரிந்தது. நடுவில், கீழ்த்தளத்தில் உட்காருங்கள். வாந்தி மாத்திரையைக் கிளம்பும் முன்பே உங்கள் குழந்தை டாக்டரிடம் கேட்டு வாங்கிவையுங்கள். பிள்ளைகளுக்கும் ஆதார் அட்டை கையில் இருக்க வேண்டும்.

ராதாநகர் கடற்கரையைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று 2004-ல் டைம் பத்திரிகை சொன்னது. அழகுதான். ஆனால், எங்கள் பிள்ளைகள் கடலைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்கள். ஈர மணலில் கோகுலாஷ்டமிக்கு யாரோ சீடை உருட்டிக் காயப்போட்ட மாதிரி ஆயிரக்கணக்கில் மணல் உருண்டைகள். நடுவில் ஒரு சின்னத் துளை. அசையாமல் குந்தி உட்கார்ந்தால், சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு நண்டு வெளியே வருகிறது. மணலை வாயில் போட்டு, அதிலிருக்கும் உணவை எடுத்துக்கொண்டு, மிச்ச மணலை உருட்டிப் பின்னால் தள்ளுகிறது. நம் நிழல் பட்டால் துளைக்குள் ஓடிவிடும். மூச்சுவிடாமல் ஐந்து நிமிடம் உட்கார எங்கள் வீட்டில் யாராலும் பழக்க முடியாத இரண்டு பேரும் அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஏற்றத்தில் அலை வந்து சீடை எல்லாவற்றையும் அழித்துவிடும். நண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. பயமுறுத்தச் சொல்லவில்லை. 2010-ல் இதே ராதாநகரை ஒட்டிய பகுதியில் கடலில் இருந்த ஒரு அமெரிக்கப் பெண் முதலை தாக்கி இறந்திருக்கிறார். அதனால்தான் எச்சரிக்கைப் பலகைகள், உயிர்காப்பாளர்கள், சில கடற்கரைகளில் வலைத் தடுப்பு எல்லாம். ஓடை கடலில் கலக்கும் இடம், அலையாத்தி மரங்கள் நிற்கும் இடம், ஆள் இல்லாத கரை, இருட்டிய நேரம், இந்த நான்கிலும் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. விசில் அடித்தால் ‘இன்னும் ஒரே ஒரு போட்டோ’ என்று நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

‘எலிஃபண்ட் பீச்’சில் யானை இருக்கும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள். கடலில் நீந்திப் புகழ்பெற்ற ராஜன் யானை இதே தீவில்தான் இருந்தது. 2016-ல் இறந்துவிட்டது. இது தெரியாமல் நான் வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரம்

இப்போது மறுபடி நீல் தீவு. ஷாஹீத் தீவு என்று மாற்றியிருக்கிறார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் தீவு. ஊர்களுக்கெல்லாம் ராமாயணப் பெயர்: ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர். அம்மாவுக்கு அதிலேயே தீவைப் பிடித்துவிட்டது. அனுமார் பெயரில் ஊர் இல்லையே என்று மட்டும் குறை.

கடல் உள்வாங்குவது அதிசயமோ ஆபத்தின் அறிகுறியோ இல்லை, தினமும் இரண்டு முறை நடக்கிறது. பள்ளிப் பாடத்தில் ‘ஓதம்’ என்று படித்திருப்போம். நிலாவும் சூரியனும் இழுப்பதால் வருவது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றும் அதிகம். அந்தமானில் சென்னையை விட நன்றாகவே வித்தியாசம் தெரியும். நாங்கள் போனது பௌர்ணமி கழிந்து நான்காம் நாள். ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்தான் முந்தின இரவு, “நாளை காலை ஆறரை, ஏழுக்குத் தண்ணீர் நன்றாக இறங்கும், விட்டுவிடாதீர்கள்” என்றார். டிராவல்ஸ்காரர் தாளில் அந்த இடத்துக்கு ‘காலை 10.30’ என்று போட்டிருந்தார். அந்த நேரத்துக்குப் போயிருந்தால் கொஞ்சம் பாறையையும் நிறையத் தண்ணீரையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம்.

உள்ளூர் வங்காளி அண்ணன் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். அவருக்கு இந்தி, எனக்கு அரைகுறை இந்தி, பிள்ளைகளுக்குக் கை ஜாடை. அம்மா மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார், கண் மட்டும் கடல் மேலேயே.

பாறைக் குழிகளில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் விஷயம். ஒவ்வொரு குழியும் ஒரு மீன்தொட்டி. முதல் குழியில் கறுப்பாக, தடியாக ஒன்று கிடந்தது. கடல் அட்டை. “நியூஸ்ல கடத்துறாங்கன்னு பிடிப்பாங்களே, அதுவா?” என்று பையன் குதித்தான். அதேதான். ராமேஸ்வரம் பக்கம் மூட்டை மூட்டையாகப் பிடிபடுவதைச் செய்தியில் மட்டும் பார்த்தவன், முதல்முறையாக உயிரோடு பார்க்கிறான். அது கடல் தரையின் மணலைத் தின்று சுத்தம் செய்து வெளியே விடும் என்று அண்ணன் ஜாடையிலேயே விளக்கியதும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த குழியில் கயிறு போலக் கை நீட்டி நெளியும் நட்சத்திர மீன் வகை ஒன்று. பாறையில் பதிந்த பெரிய சிப்பியின் உதடு நீலமும் பச்சையுமாக மின்னியது. நிழல் விழுந்ததும் மூடிக்கொண்டது.

சின்னவள் முதலில் என் இடுப்பில்தான் இருந்தாள். மூன்றாவது குழியில் கீழே இறங்கிக்கொண்டாள். தண்ணீர் அவள் கணுக்கால் அளவு, அலை இல்லை, சத்தம் இல்லை. ஐந்தாவது குழியில் என் கையை விட்டாள். அதை நான் அக்காவிடம் கண்ணால் காட்டினேன், இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடும்.

தூரத்தில் பாறை, வளைவாகப் பாலம் போல நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதற்கு ‘ஹவுரா பிரிட்ஜ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் செல்ஃபி எடுப்பது அங்கேதான். பிள்ளைகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எட்டு மணி சுமாருக்கு அண்ணன் “சலோ” என்றார். பையன் ஒரு குழியில் எதையோ பார்த்துவிட்டு “ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்” என்று இழுத்துக்கொண்டிருந்தான். நானும் விட்டுவிட்டேன். அது தப்பு. அலை அடித்துத் திரும்பி வரும் என்று நாம் நினைக்கிறோம். வற்று திரும்புவது அப்படி இல்லை. சத்தமே இல்லாமல் குழிகள் நிரம்புகின்றன, பாறைக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் முதலில் நிரம்புகிறது. வரும்போது நனையாமல் தாண்டிய இடத்தில் திரும்பும்போது என் முட்டி வரை தண்ணீர். பாசி வழுக்கியது. அண்ணன் சின்னவளைத் தோளில் தூக்கிக்கொண்டார். பையன் என் கையை விடவே இல்லை. கரையில் அம்மா எழுந்து நின்றிருந்தார். திட்டு வாங்கிக்கொண்டேன். மேலே ஏறச் சொன்ன நேரத்தில்தான் அவர் தவறு, சொன்ன விஷயத்தில் தவறில்லை.

ஆகவே, இதைச் செய்வதானால், உள்ளூர் ஆள் இல்லாமல் போகாதீர்கள். தாழ்நிலை எத்தனை மணிக்கு என்று ஓத அட்டவணையைப் போனில் பார்க்கலாம், ஹோட்டலிலோ ஜெட்டியிலோ கேட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அந்த நேரத்துக்கு ஒரு மணி முன்பாகப் போய், தண்ணீர் இறங்க இறங்கப் பின்னாலேயே நடந்து, தாழ்நிலை ஆனதும் திரும்பத் தொடங்குவதுதான் சரி. நாங்கள் போனதே அரைமணி தாமதம். காலில் நன்றாகப் பிடிக்கும் செருப்போ கேன்வாஸ் ஷூவோ வேண்டும், ஹவாய் செருப்பு வேண்டாம். உயிரோடு இருக்கும் பவளத்தின் மேல் மிதிக்கவே கூடாது. அதுவும் உயிர், காலையும் கிழித்துவிடும். குழிக்குள் கை விடுவதும் வேண்டாம். கூம்பு வடிவச் சங்குகள் சிலவற்றுக்கு விஷ முள் உண்டு. எது எது என்று நமக்குத் தெரியாது.

சங்கு, பவளத் துண்டு எதையும் ஊருக்கு எடுத்துவராதீர்கள். பவளம் செத்ததாக இருந்தாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிறார்கள். சட்டத்தைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது. காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டைக் காட்டுங்கள். அது வளர வளரப் பெரிய சங்காகத் தேடி வீடு மாற வேண்டும். சங்கு கிடைக்காமல் பிளாஸ்டிக் மூடிக்குள் குடியேறிய நண்டுகளின் படங்கள் பல நாடுகளிலிருந்து வந்திருக்கின்றன. அன்று இரவு துணி மடிக்கும்போது சின்னவளின் ஃப்ராக் பாக்கெட்டில் மூன்று சங்குகள் இருந்தன. அக்கா திட்ட வாயெடுக்கும் முன் ஒரு சங்கு மேஜை மேல் நடக்கத் தொடங்கியது. டார்ச் லைட்டோடு அத்தானும் அவளும் கடற்கரை ஓரம் வரை போய் விட்டுவிட்டு வந்தார்கள். தண்ணீரில் கால் வைக்காமல், ஆமாம்.

மறுநாள் பரத்பூர் கடற்கரை. குளம் மாதிரி ஆழமில்லாத, அமைதியான தண்ணீர். கண்ணாடிப் படகுகள் வரிசையாக நின்றன. யாரும் எதுவும் கேட்கவில்லை. “நான் கண்ணாடி பக்கத்துல உக்காரணும்” என்றாள் சின்னவள். நார்த் பேயில் விட்ட காசு அங்கே வசூலாகிவிட்டது என்றார் அத்தான். முக்கால் மணி நேரம் அவள் தலை தூக்கவே இல்லை.

மற்றபடி சின்னச் சின்ன விஷயங்கள். மணல் ஈக்கள் கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும். காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போனால் கொஞ்சம் தேவலை. நீலில் கையில் ரொக்கம் வைத்திருங்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடி கேபிள் 2020-ல் வந்துவிட்டாலும், சின்னத் தீவுகளில் போன் சிக்னல் வரும், போகும். பையனின் கேம் இரண்டு நாள் திறக்கவே இல்லை. எனக்கு ஆபீஸ் போனும் வரவில்லை.

போன வாரம் அம்மா ஊரிலிருந்து பேசினார். வழக்கமான விசாரிப்பு எல்லாம் முடிந்து வைக்கப்போகும் நேரத்தில் கேட்டார். “வர்ற அமாவாசைக்குத் திருச்செந்தூர்ல கடல் உள்வாங்குமாம்லா, டிவில சொல்லுதான். பாறையெல்லாம் தெரியுமாம். பிள்ளைகளுக்கு ஸ்கூல் எப்போ லீவு?”